மைக்செட் மாஸ்டரும் திண்டிவனத்து எலியும்

விழுப்புரம் மாவட்டத்தில் கம்ப்யூட்டரோடு சத்தம் போட்டுப் பேசி, அதனிடம் மரியாதையாகப் பதிலும் வாங்கிய ஒரே மனிதர் மைக்செட் மாஸ்டர்தான். இதைச் சந்தோஷமாகச் சொல்லவில்லை. வயிறு எரிந்துதான் சொல்கிறேன். எத்தனையோ பேர் காரில் போகிறார்கள், மாடி வீடு கட்டுகிறார்கள், ஊர் மெச்சப் பெண்ணுக்குக் கல்யாணம் செய்கிறார்கள். அவர்கள் யார் மேலும் எனக்கு ஒருநாளும் பொறாமை வந்ததில்லை. ஆயுளுக்கும் எனக்கென்று ஒதுக்கியிருந்த பொறாமை முழுவதையும் சேர்த்து வைத்து இந்த ஒரு மனிதர் தலையில் கொட்டினேன்.

விழுப்புரம் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கத்தில், ஒரு மருந்துக் கடையின் மாடியில், கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கும் சென்டர் இருக்கிறது. அங்கே நான் அட்டெண்டர். காலையில் ஷட்டரைத் தூக்க வேண்டும், பெருக்க வேண்டும், பதினோரு மணிக்கும் நாலு மணிக்கும் டீ வாங்கி வர வேண்டும். படிப்பு ஐந்தாம் வகுப்பு. கூச்ச சுபாவம் வேறு. யாராவது பெயரைக் கேட்டாலே தரையைப் பார்ப்பேன். வீடு திண்டிவனத்தில். தினமும் காலையில் பஸ் பிடித்து விழுப்புரம் வந்து, சாயங்காலம் திரும்புவேன்.

எங்கள் சென்டரில் நெட்வொர்க் கோர்ஸுக்குத்தான் கூட்டம். பல கம்ப்யூட்டர்களை ஒயரால் இணைத்து ஒன்றோடொன்று பேசவைக்கிற படிப்பு அது. பேச்சு நின்றுபோனால் எங்கே நின்றது என்று கண்டுபிடிப்பதும் அதில் சேர்த்தி. அந்த ஒயரின் முனையில் கண்ணாடி போன்ற ஒரு சின்ன பிளக் மாட்ட வேண்டும். உள்ளே எட்டு நூல் ஒயர்கள், எட்டு நிறம். வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பிரவுன், பிரவுன். ஒன்று இடம் மாறினாலும் வேலைக்கு ஆகாது. ஒன்பது வருஷமாகக் கதவோரம் நின்று கேட்டதில் இந்த வரிசை எனக்கு மனப்பாடம். ஒருநாள் பசங்கள் கெடுத்துப் போட்டிருந்த ஒயர்களை எல்லாம் உட்கார்ந்து நானே சரிசெய்து வைத்தேன். அன்றிலிருந்து லேபில் இருக்கிற எல்லா ஒயரும் என் கைவேலைதான். ஒயர்களைச் சேர்த்துக் கட்டுவதில் எனக்கென்று ஒரு முறை உண்டு. இரண்டு சுற்று சுற்றி, வாலை உள்ளே செருகிவிடுவேன். வெளியே எதுவும் நீட்டிக்கொண்டு நிற்காது. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம். கர்வத்தையும் கூச்சத்தோடுதான் வைத்திருந்தேன்.

அந்தக் கோர்ஸில் நானும் சேர வேண்டும் என்று ஆசை. ஆனால் கேட்டதில்லை. பன்னிரண்டாவது, டிப்ளமா, டிகிரி என்று பசங்கள் வருகிற இடத்தில் ஐந்தாவது படித்தவனை யார் சேர்ப்பார்கள்? இந்த ஒரு பதிலை வைத்துக்கொண்டு ஒன்பது வருஷம் நிம்மதியாக இருந்தேன்.

அந்த நிம்மதி ஒரு திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்குப் போனது.

மாடிப்படியில் ஆள் வருவதற்கு முன்னால் குரல் வந்தது. "மேடம் கீறாங்களா?" கீழே மருந்துக் கடைக்காரரும் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று எட்டிப் பார்த்தார். ஐம்பதை நெருங்கிய மனிதர். வெள்ளை வேட்டி. சட்டைப் பையில் டெஸ்டர். வளவனூரில் மைக்செட், சீரியல் லைட் வாடகைக்கு விடுகிறவர். முப்பது வருஷமாகக் குழாய் ஸ்பீக்கருக்குப் பக்கத்திலேயே நின்றதில் இரண்டு காதிலும் பாதி போய்விட்டது. அதனால் உலகத்தில் எல்லோருக்குமே பாதிக் காதுதான் என்ற முடிவோடு பேசுவார்.

சென்டரை நடத்துகிற அம்மாவை நாங்கள் மேடம் என்போம். கண்டிப்பானவர். "என்ன விஷயமா வந்தீங்க?" என்று கேட்டார்.

"நெட்டு படிக்கணும் மேடம்."

"யாரு, பையனா?"

"நான்தான். பையன் படிச்சிட்டு சும்மாத்தான் கீறான். அவனாண்ட ஒரு சந்தேகம் கேட்டா, அது என் சப்ஜெக்ட் இல்லன்றான்."

பிறகு விஷயத்தைச் சொன்னார். வளவனூரில் ஒரு கல்யாணம். பெண்ணின் அண்ணன் துபாயில். லீவு கிடைக்கவில்லை. செல்போனில் நேரடியாகப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறான்.

"தாலி கட்ற நேரம் மேடம். மாப்ள கை அப்டியே நின்னுபோச்சாம். நெட்டு பூட்ச்சு. அவன் அங்கேர்ந்து போன் போட்டு அழுவுறான். மண்டபத்துல மொத்த ஜனமும் என்ன சுத்திக்கினு, யோவ் மைக்செட்டு, இன்னாய்யா பண்ணன்னு கேக்குது. ஒயரு வச்சிக்கினு நிக்கறவன் நான் ஒருத்தன், அதனால அதுக்கும் நான்தான் பொறுப்பாம். ஒரே பேஜாரு. சரி, திட்டு எப்டியும் வாங்கத்தான் போறோம், தெரிஞ்சிக்கினு வாங்கலாமேன்னு வந்துட்டேன்."

மேடம் பேனாவை எடுத்தார். "எவ்வளவு படிச்சிருக்கீங்க?"

நான் டீத் தட்டோடு பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

"அஞ்சாவது."

மேடம் பேனாவைக் கீழே வைத்தார். எனக்கு, பாவம் இந்த மனிதர், என்று தோன்றியது. அதுதான் அவர் மேல் நான் பட்ட கடைசிப் பரிதாபம்.

"அஞ்சாவதையே ரெண்டு வருசம் படிச்சேன் மேடம். ஆறுன்னே போட்டுக்குங்க."

மேடம் சிரித்தார். ஒன்பது வருஷத்தில் அவர் பல் எனக்குத் தெரிந்தது அன்றைக்குத்தான். சிரித்துக்கொண்டே பேனாவைத் திரும்ப எடுத்து ஃபாரத்தில் எழுத ஆரம்பித்தார். அவ்வளவுதான். ஒன்பது வருஷமாக நான் தொட்டுப் பார்க்காமல் நின்ற கதவுக்குத் தாழ்ப்பாளே கிடையாது. அந்த மனிதர் என் தட்டிலிருந்து மேடத்துக்கு வைத்திருந்த டீயை எடுத்து ஒரு வாய் குடித்துவிட்டு, "சக்கர கம்மி தம்பி" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அன்று சாயங்காலம் வீட்டில் சொன்னேன். என் மனைவி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"நீயும் அஞ்சாவதுதான?" என்றாள்.

"ஆமா."

"நீ ஒரே தடவதான படிச்ச?"

"ஆமா."

"அப்பறம் ஏன் இத்தினி வருசமா கேக்கல?"

"சோறு போடு" என்றேன்.

வகுப்பில் முதல் நாள். பாடம் எடுக்கிற சாருக்கு இருபத்தாறு வயது. ஒவ்வொருவராக எழுந்து வந்து தங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார். பசங்கள் சுவரைப் பார்த்து முணுமுணுத்துவிட்டு உட்கார்ந்தார்கள். இவர் எழுந்து போய், பலகையில் எழுதுகிற மார்க்கரை எடுத்தார். அதன் தலையில் இரண்டு தட்டுத் தட்டினார். ஊதினார். "ஹலோ... ஹலோ... ஒன், டூ, த்ரீ" என்றார். கடைசி பெஞ்சைப் பார்த்து, "பின்னாடி கேக்குதா?" என்றார். கேட்காமல் என்ன, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டது. அன்றைக்கே அவர் மைக்செட் மாஸ்டர் ஆகிவிட்டார். ரிஜிஸ்டரில் இருந்த பெயர் ரிஜிஸ்டரிலேயே தங்கிவிட்டது. ஒன்பது வருஷமாக இருக்கிற என்னை அதே பசங்கள் கூப்பிடுவது, "அண்ணே, டீ."

ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்கு, "இருக்கிறாயா?" என்று கேட்டு அனுப்புவதற்கு பிங் என்று பெயர். அந்தப் பக்கம் உயிரோடு இருந்தால் பதில் வரும். இதைச் சார் ஒரு மணி நேரம் படம் போட்டு விளக்கினார். மாஸ்டர் கேட்டுவிட்டு, "கொரல் குடுக்கறதுன்னு சொல்லுங்க சார்" என்றார். அதன் பிறகு வகுப்பில் யாருமே பிங் என்று சொல்லவில்லை. சாருக்கே வாய் தவறி, "பதினாறாம் நம்பருக்குக் குரல் கொடுங்க" என்று வந்துவிட்டது.

மாஸ்டர் குரல் கொடுத்தால் வாயாலும் கொடுப்பார். கீபோர்டில் ஒற்றை விரலால் தட்டிவிட்டு, "பதினாறு... ஏம்ப்பா பதினாறு..." என்பார். திரையில் பதில் வரி வந்ததும், "ஆங், கேக்குது கேக்குது" என்று தலையாட்டுவார். பதில் வராவிட்டால், "இன்னாய்யா, இப்பத்தான் இருந்த, அதுக்குள்ள எங்க பூட்ட?" என்று நேரே அந்தக் கம்ப்யூட்டர்கிட்டேயே போய் நிற்பார். வேடிக்கை என்னவென்றால், அவர் போய் நின்றால் பெரும்பாலும் அது சரியாகிவிடும். பின்னால் பிளக் தளர்ந்திருக்கும். இவர் மேஜையில் ஒரு தட்டுத் தட்டுவார், அது பிடித்துக்கொள்ளும். பசங்கள் கை தட்டுவார்கள். அந்தப் பிளக்கைத் தினமும் காலையில் சத்தமில்லாமல் அழுத்திவிட்டுப் போகிறவன் நான். எனக்கு யாரும் கை தட்டியதில்லை.

ஒயர் இல்லாமல் காற்றிலேயே போகிற நெட்டை மட்டும் அவர் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. "அத்த வுடுங்க சார். கையில புடிச்சிப் பாக்க முடியாதத நான் நம்பறதில்ல." ஒயர் பழுதானால் எல்லோரும் மீட்டர் வைத்துப் பார்ப்பார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டு, ஒயரின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கையால் தடவிக்கொண்டே போவார். "எங்க வலிக்குதுன்னு அதுவே சொல்லும் சார்." முப்பது வருஷம் கோயில் திருவிழாக்களில் தென்னைக்குத் தென்னை ஒயர் இழுத்தவருக்குக் கை அப்படிப் பழகியிருந்தது.

ஆனால் ஒன்றில் அவரை நான் ஜெயித்தேன். பிளக் மாட்டுவதில். ஒயரின் மேல்தோலை உரிக்க ஒரு கருவி இருக்கிறது. அவர் பல்லால் கடித்து இழுப்பார். எட்டு நூலையும் எச்சில் தொட்டு நீவி, ஏதோ ஒரு வரிசையில் உள்ளே தள்ளுவார். பத்துக்கு நாலு வீண். அப்போதெல்லாம் எனக்கு அன்றைய டீ இனிப்பாக இருக்கும். அவருக்கு வெட்கம் உண்டா என்றால் கிடையாது. "யோவ் தம்பி, இங்க வா" என்று நடுவகுப்பில் கூப்பிடுவார். நான் போய், தலையை நிமிர்த்தாமல், ஒரு நிமிஷத்தில் மாட்டிக் கொடுப்பேன். ஒயரைச் சோதிக்கிற பெட்டியில் மாட்டினால் எட்டு விளக்கும் எரியும். "பாத்துக்குங்கப்பா" என்று அதை எல்லோருக்கும் தூக்கிக் காட்டுவார். கை தட்டு விழும். அதையும் அவர்தான் வாங்கிக்கொள்வார்.

என் வீட்டில் தினமும் இதே பேச்சு. ஒருநாள் மனைவி சொன்னாள்: "வந்தா அந்தாள் பேச்சு, தூங்கினா அந்தாள் பேச்சு. பேசாம இட்டாந்து இங்கியே வச்சிக்கயேன்."

எட்டு மாதம் போனது. திண்டிவனத்தில் கிளை திறக்கப்போவதாக மேடம் சொன்னார். ஒரு மல்லாட்டை மண்டியின், அதாவது வேர்க்கடலை மண்டியின், மாடி. இருபது கம்ப்யூட்டர். அந்த லேபுக்குப் பொறுப்பாக ஒரு ஆள் வேண்டும்.

என் வீட்டிலிருந்து அந்த மண்டிக்குப் பத்து நிமிஷ நடை. பஸ் வேண்டாம். லேப் சாவி என் இடுப்பில் இருக்கும். ஒரு நாற்காலி இருக்கும். அதில் நான் உட்கார்ந்திருப்பேன், வேறு யாராவது டீ கொண்டு வருவார்கள். இதைவிடப் பெரியதாக எதையும் நான் வாழ்க்கையில் ஆசைப்பட்டதில்லை. மேடத்திடம் சொல்ல வேண்டியது, "மேடம், எனக்குத் திண்டிவனம்தான்." மூன்றே வார்த்தை. பஸ்ஸில் வரும்போது மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வருவேன். டீ வைக்கும்போது வாயைத் திறப்பேன்.

"மேடம்..."

"என்ன?"

"சக்கர போதுமா மேடம்?"

மூன்று நாள் இப்படிக் கேட்டேன். மூன்றாம் நாள் மேடம், "எனக்குச் சக்கரை வியாதியான்னு யாராவது கேட்டாங்களா?" என்றார்.

நாலாம் நாள் மாஸ்டர் வாசலில் நின்றபடியே, "மேடம், திண்டிவனத்துக்கு நான் போறேன்" என்றார். வளவனூரிலிருந்து இரண்டு பஸ் மாற வேண்டிய மனிதர்! மேடம் யோசித்தார். "முதல்ல ரெண்டு பேரும் போய் ஒயர் வேலையை முடிங்க. ஓப்பனிங் அன்னிக்கு லேப் எப்படி ஓடுதுன்னு பார்த்துட்டுச் சொல்றேன்" என்றார். சொன்னது இருவருக்கும் பொதுவாக. பார்த்தது அவரை.

மூன்று நாள் வேலை. அவர் ஒயர் இழுத்தார், நான் பிளக் மாட்டிக் கட்டினேன். மத்தியானம் என் டிபன் பாக்ஸைக் கேட்காமலே திறந்து கேப்பை அடையை எடுத்துக்கொள்வார். ஒயர்களில் நான் போட்ட கட்டுகளைப் பார்த்து, கீழே மண்டி ஆட்களை எல்லாம் மேலே கூப்பிட்டு, "இத்த பாருங்கய்யா, கதம்பம் கட்ற மாதிரி கட்டிக்கிறான்" என்று காட்டினார். நியாயமாக எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். என் வேலையை வைத்துக்கூட இந்த மனிதர்தான் கூட்டம் சேர்க்கிறார் என்றுதான் தோன்றியது.

திறப்பு நாள் வந்தது. பதினோரு மணிக்கு மேடமும், பிள்ளைகளைச் சேர்க்க நினைக்கிற பெற்றோர்களும் வருவார்கள். பத்தே முக்காலுக்கு மாஸ்டர் இருபது கம்ப்யூட்டருக்கும் வரிசையாகக் குரல் கொடுத்து, இருபதும் பதில் சொல்லி, "அம்சமா கீது" என்று சொல்லிவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வரக் கீழே போனார். நான் பெருக்கிக்கொண்டிருந்தேன்.

எல்லா ஒயரும் வந்து சேர்கிற பெட்டியை ஸ்விட்ச் என்பார்கள். அதில் வரிசையாக ஓட்டைகள். அந்தப் பெட்டியிலிருந்து ஒரு நீள ஒயர் புறப்பட்டு, மறுமுனை எதிலும் மாட்டாமல் பக்கத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது. மேடம் தன் லேப்டாப்பை மாட்டிக்கொள்ள மாஸ்டர் விட்டு வைத்தது. அதில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தார். "கை வெக்காத." ஐந்தாவது படித்தவனுக்கு அது படிக்கத் தெரியாதா? நன்றாகத் தெரியும்.

அவ்வளவு அழகான கட்டுகளுக்கு நடுவே ஒரு ஒயர் மட்டும் நாக்குத் தள்ளினது போலத் தொங்குவது எனக்குப் பிடிக்கவில்லை. சீட்டைக் கிழித்தேன். தொங்கிய முனையை அதே பெட்டியில் காலியாக இருந்த ஓட்டையில் செருகினேன். இரண்டு சுற்று சுற்றி, வாலை உள்ளே தள்ளினேன். லேப் சுத்தமாக இருப்பதற்குக் காரணம் யார் என்று மேடத்துக்குத் தெரியட்டும் என்று நினைத்தேனா, இல்லை, அந்தச் சீட்டு எழுதிய கை மேல் இருந்த எரிச்சலா, இன்றுவரை எனக்கே தெரியாது. இரண்டும் ஒரே துடைப்பத்தைத்தான் பிடித்திருந்தன.

பதினோரு மணி. மேடம் வந்தார். பெற்றோர்கள் வந்தார்கள். சார் ஒரு பட்டனைத் தட்டி, "இப்ப பாருங்க" என்றார். பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. இருபது திரையும் உறைந்து நின்றன. சார் ஒன்றை அணைத்துப் போட்டார். இரண்டை அணைத்துப் போட்டார். பெட்டியையே அணைத்துப் போட்டார். அணைத்தால் அணைகிறது, போட்டால் மறுபடி அதே கதி. சார் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

"இன்னா சார், கரண்டு இல்லியா?" என்றார் ஒரு பெரியவர்.

"கரண்டு கீதுப்பா. ஃபேன் சுத்துது பாரு. படிப்புதான் இல்ல போல" என்றார் அவர் பக்கத்தில் இருந்தவர். இரண்டு பேர் எழுந்து செருப்பைத் தேடினார்கள். மேடம் முகம் சிவந்துவிட்டது.

மாஸ்டர் ஈர முகத்தோடு வந்தார். நேராகப் பெட்டிக்கு முன்னால் குந்தினார். அதில் ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒரு சின்னப் பச்சை விளக்கு உண்டு. நல்ல நாளில் அவை ஒவ்வொன்றும் தன் பாட்டுக்கு நின்று நின்று மினுக்கும். அன்றைக்கு எல்லா விளக்கும் ஒன்றாகச் சேர்ந்து வெறி பிடித்தது போலத் துடித்துக்கொண்டிருந்தன.

"சார், இது ஊளை வுடுது" என்றார்.

"என்னது?"

"மைக்க எடுத்துக்கினு போய் குழாய்க்கு நேரா நின்னா ஊய்ய்ய்னு கத்தும் பாருங்க, அது. தான் பேசினத தானே கேட்டு, கேட்டத திரும்பப் பேசி, மறுபடியும் கேட்டு... எவனையும் பேச வுடாது. எங்கியோ ஒரு ஒயரு சுத்திக்கினு வந்து இதுங்காதுலயே பேசுது சார்."

சார் கண் விரிந்தது. "லூப்!" என்றார். போன வாரம்தான் அதைப் பாடமாக எடுத்திருந்தார். கண்ணால் பார்த்தது அவருக்கும் அன்றைக்குத்தான் முதல் முறை.

மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார். ஒயர்களை ஒவ்வொன்றாகத் தடவ ஆரம்பித்தார். ஒன்று, இரண்டு, மூன்று. எல்லாம் சுவர்ப் பக்கம் போயின. அடுத்த ஒயர் போகவில்லை. கை அதோடு கீழே இறங்கி, வளைந்து, திரும்ப மேலே வந்து, ஒரு கட்டில் முட்டி நின்றது. கட்டை விரலால் அதை நீவிப் பார்த்தார். இரண்டு சுற்று. வால் உள்ளே. கண்ணைத் திறந்து நேராக என்னைப் பார்த்தார். நான் பெருக்கின இடத்தையே மறுபடி பெருக்க ஆரம்பித்தேன்.

ஒயரைப் பிடுங்கினார். விளக்குகள் அடங்கின. ஒன்றன் பின் ஒன்றாக இருபது திரையும் உயிர் பெற்றன. செருப்பு தேடியவர்கள் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள்.

"யார் இதை இங்க சொருகினது?" என்றார் மேடம்.

மாஸ்டர் பிடுங்கிய ஒயரின் முனையை வேட்டியில் துடைத்தார். என் பெயரைச் சொன்னால் என் கதை அங்கேயே முடிந்தது. திண்டிவனம் மட்டும் போகாது, விழுப்புரமும் போகும்.

"எலி மேடம்" என்றார்.

"எலியா?"

"கீழ மல்லாட்ட மண்டி கீதே மேடம். அங்கேர்ந்து ஏறி வந்துக்குது."

"எலி ஒயரைக் கடிக்கும். எடுத்துச் சொருகுமா?"

"விழுப்புரத்து எலின்னா கடிக்கும். இது திண்டிவனத்து எலி மேடம். மல்லாட்ட துன்னு வளந்தது, மூளை ஜாஸ்தி. சொருகிட்டு கட்டு கூட போட்டுக்குது, பாருங்க. எத்தினி அழகா போட்டுக்குது."

பெற்றோர்கள் சிரித்தார்கள். மேடம் குனிந்து அந்தக் கட்டைப் பார்த்தார். ஒன்பது வருஷமாக என் கட்டைப் பார்த்து வருகிறவர். நிமிர்ந்து என்னிடம், "ஒரு எலிப்பொறி வாங்கி வைங்க" என்றார்.

வாங்கி வைத்தேன்.

திண்டிவனம் லேப் மாஸ்டருக்குப் போனது. சாவி கைக்கு வந்ததும் என்னைப் படிக்கட்டுக்குக் கூட்டிப்போனார். "ஏன் எலி, உனக்கு இந்த எடம் வேணும்னா வாயத் தொறந்து சொல்றதுக்கு இன்னா? நான் வுட்டுக் குடுத்திருப்பேன்ல?"

"நீங்க எதுக்கு ரெண்டு பஸ்ஸு மாறி இங்க வர்றீங்க?" என்றேன். அவரிடம் நான் கேட்ட முதல் கேள்வி அது.

"நான் வராங்காட்டி அந்தச் சார் ஒயரையெல்லாம் புடுங்கிட்டு நெட்ட காத்துல வுட்டுடுவாரு. நீ கட்டின கட்டெல்லாம் குப்பைக்குப் போயிடும். அத்த வுடு. ஜல்தியா போய் ஃபாரம் வாங்கி எழுது. படி. அடுத்த கிளைன்னு ஒண்ணு தொறக்காமயா பூடுவாங்க?"

ஃபாரம் வாங்க எனக்கு இன்னும் மூன்று நாள் ஆனது. படிப்பு என்ற இடத்தில் ஐந்தாம் வகுப்பு என்று எழுதி நீட்டினேன். மேடம் பார்த்துவிட்டு, "நீங்களும் ஆறுன்னு போடணுமா?" என்றார்.

"வேணாம் மேடம்" என்றேன். "நான் ஒரே வருஷத்துல பாஸு."

மேடம் சிரித்தார். அந்தச் சிரிப்பில் எனக்கு வந்த நிம்மதியை மாஸ்டர் பார்க்கவில்லையே என்பதுதான் வருத்தம்.

இப்போது நான் ஞாயிற்றுக்கிழமை பேட்சில் மாணவன். மற்ற நாளில் அதே டீ, அதே துடைப்பம். தினமும் காலையில் திண்டிவனத்துக்காரன் விழுப்புரத்துக்குப் போகிறேன், வளவனூர்க்காரர் திண்டிவனத்துக்குப் போகிறார். விக்கிரவாண்டி டோல்கேட் பக்கத்தில் இரண்டு பஸ்ஸும் ஒன்றையொன்று தாண்டும். அவர்தான் ஏற்பாடு செய்தார். "தாண்டற எடத்துல ஒரு மிஸ்டு கால் வுடறேன். நீ ஒண்ணு திருப்பி வுடு. எடுத்துப் பேசாத. இருக்கியா, இருக்கேன். அவ்ளோதான்." வேண்டாவெறுப்பாகத்தான் ஒப்புக்கொண்டேன். என் நாற்காலிக்குப் போகிற மனிதருக்கு நான் தினமும் பதில் வேறு சொல்ல வேண்டுமா?

போன மாதம் ஒருநாள் டோல்கேட் வந்தது. போன் அடிக்கவில்லை. தாண்டிவிட்டது. அப்பாடா, ஒருநாளாவது விட்டாரே, என்று ஜன்னல் பக்கம் திரும்பினேன். முண்டியம்பாக்கம் வந்தது. அங்கே பெரிய ஆஸ்பத்திரி, ஜன்னலுக்கு நேராகத் தெரிகிறது. வாசலில் ஆம்புலன்ஸ் ஒன்று திரும்பிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்காமல் இருந்திருக்கலாம். ஐம்பது வயது, இரண்டு பஸ், ஓடி ஏறுகிற பழக்கம், பின்னால் ஹாரன் அடித்தால் கேட்காத காது. நான் யாருக்கும் முதலில் போன் செய்கிறவன் இல்லை. கூச்சம். அன்றைக்குச் செய்தேன். மிஸ்டு கால் கொடுக்கவில்லை. முழுசாக அடிக்கவிட்டேன்.

"யாருப்பா?" பஸ்ஸில் எனக்கு முன்னால் நாலு சீட்டுக்காரர்கள் திரும்பினார்கள்.

"நான்தான்."

"எலியா! இன்னிக்கு லீவுப்பா. வளவனூர்ல கல்யாணம், செட்டு போட்டுக்கினு கீறேன். மேடமாண்ட சொன்னேன், உன்னாண்ட சொல்ல மறந்துட்டேன். இன்னா விஷயம்?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கா நீ போன் பண்ணுவ? சரி இரு இரு, தாலி கட்றாங்க... கட்டியாச்சு! துபாய்ல, சிங்கப்பூர்ல, எல்லா எடத்துலயும் பாத்துட்டாங்க. ஒரு செகண்டு நிக்கல, தெரியுமா?"

வைத்துவிட்டார். அவர் சந்தோஷத்தில் எனக்கு வழக்கம்போல வயிறு எரிந்தது. ஆனால் மறுநாளிலிருந்து, டோல்கேட் வருவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே, நான்தான் முதலில் குரல் கொடுக்கிறேன்.